திட்டறதுக்காக ஒரு திராஸ் பயணம்

சனி, காட்பாடி தாண்டி ரயில்ல

எல்லாரும் கேட்டாங்க, ஏன்யா ஃப்ளைட்ல போகக்கூடாதா, காலைல சென்னைல ஏறினா சாயங்காலத்துக்குள்ள ஸ்ரீநகர்ல இருக்கலாமேன்னு. இருக்கலாம்தான். ஆனா என் பக்கத்து வீட்டு சிநேகிதன், பட்டாளத்துல இருந்தவன், அவன் லீவு முடிஞ்சு போறப்பல்லாம் காட்பாடில இந்த ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ்லதான் ஏறுவான், நான்தான் சைக்கிள்ல டிரங்க் பெட்டிய வெச்சுத் தள்ளிட்டு வருவேன், அதனால இதுலதான் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். கன்னியாகுமரில கெளம்பி ஜம்மு வரைக்கும் போற வண்டி, இப்ப கட்ரா வரைக்கும் நீட்டி விட்டிருக்காங்க. வாரத்துல ஒரு நாள்தான். அவன் காலத்துல மிலிட்டரி வாரண்ட் கைல இருந்தாலும் பர்த் கெடைக்காது, பாத்ரூம் பக்கத்துல பெட்டிய போட்டு அது மேலயே உக்காந்துட்டு போவான், போயி சேர்ந்ததும் லெட்டர் போடுவான், இடுப்பு போச்சுடான்னு.

கூட வர்றது அவன் தங்கச்சி பையன். காலேஜ் ரெண்டாவது வருஷம். தாய்மாமன போட்டோவுல மட்டும் பாத்தவன். இவனுக்கு காது குத்தினப்போ மாமன் மடில உக்கார வெக்கணுமே, யார் மடின்னு பேச்சு வந்துது, அம்மா (அவன் அம்மா, ஆனா எனக்கும் அம்மாதான்) என்னைப் பாத்து ஒக்காருடான்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு என் வேட்டியெல்லாம் நனைச்சு வெச்சவன் இப்ப மேல் பர்த்துல காலு வெளில நீட்டிட்டு தூங்கறான், ஆறடி.

லடாக்ல இருக்கற திராஸ் போறோம். கார்கில் போர் நினைவிடத்துக்கு. 1999 ஜூன்ல அவன் அங்கதான் உயிர விட்டான். இத்தன வருஷம் ஏன் போகலன்னு கேட்டா, கடை, புள்ளைங்க படிப்பு, அப்பா ஆஸ்பத்திரின்னு சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனா எனக்கு அவன் மேல ஒரு கோவம் பாக்கி இருக்கு. தியாகின்னு ஆனதுக்கப்புறம் அவன திட்டறதுக்கு ஊர்ல யாரும் விடமாட்டேங்கறாங்க. ஆகஸ்ட் 15க்கு மாலை போடு, ஸ்கூல்ல போயி ரெண்டு வார்த்த பேசு, அதுக்கெல்லாம் கூப்பிடுவாங்க. அந்த நாய் என் கேரம் ஸ்ட்ரைக்கர திருடினான்னு அந்த மேடைல சொல்ல முடியுமா.

போஸ்ட் லேட்டா வந்தா கோச்சுக்காதீங்க. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீர்ல, லடாக்ல வேலை செய்யாது, பையன் மட்டும் போஸ்ட்பெய்டு மாத்திட்டு வந்திருக்கான், அவன் மனசு வெச்சாதான் எனக்கு நெட்டு.

ஞாயிறு, போபால் பக்கம் எங்கயோ

வெயிலு. ஜன்னல் கம்பிய தொட முடியல. டீ பேர்ல வந்தது டீ இல்ல, அத விடுங்க.

பையன் கேட்டான், மாமா நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான செலக்‌ஷன் போனீங்க, நீங்க ஏன் சேரலன்னு. எங்க பக்கத்துல இது பெரிய கதையில்ல. வேலூர் சுத்துவட்டாரத்துல பத்தாவது முடிச்ச பசங்களுக்கு அப்ப ரெண்டு வழி, ஒண்ணு தோல் ஷாப்பு, இன்னொண்ணு மிலிட்டரி. கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊரு இருக்கு, வீட்டுக்கு ஒரு ஆள் பட்டாளத்துல இருப்பாங்கன்னு பேரு வாங்கின ஊரு, அந்த அளவுக்கு இல்லன்னாலும் எங்க தெருவுலயும் கேன்டீன் ரம்முக்கு பஞ்சமே இருந்ததில்ல.

செலக்‌ஷனுக்கு முன்னாடி நாள் ராத்திரி ரெண்டு பேரும் எடை ஏத்தறதுக்காக வாழப்பழம் வாங்கித் தின்னோம். அவன் எண்ணி பன்னெண்டு தின்னுட்டு மேல ஒரு சொம்பு தண்ணியும் குடிச்சான். காலைல ஒரு மைல் ஓட்டம், ஓடினா வயித்துக்குள்ள தண்ணி டமடமன்னு அடிக்குதுன்னு சொல்லிட்டே ஓடினான், முதல் பேட்ச்ல வந்துட்டான். நானும் ஓட்டத்துல பாஸ்தான். அப்புறம் டாக்டர் ரெண்டு காலையும் சேத்து நிக்க சொன்னாரு, முட்டி ஒட்டுதுன்னு ஓரமா நிக்க வெச்சுட்டாங்க. நாக் நீ. அவ்ளோதான் என் மிலிட்டரி வாழ்க்க. அவன் வெளில வந்து, நீ போகலன்னா நானும் போகலடான்னு சொன்னான். நாசிக் ரோடு கேம்ப்புக்கு டிரெய்னிங் கெளம்பற நாள் வரைக்கும் அதையே சொல்லிட்டிருந்தான். பீரங்கிப் படைல டிரைவர். வண்டி ஓட்டத் தெரியாதவன் அங்க போயி கத்துக்கிட்டான், லீவுல வந்து எங்க ஊரு சந்துல டிராக்டர ரிவர்ஸ் எடுத்து காட்டினான், பஞ்சாயத்து தண்ணி பைப் உடைஞ்சுது. யார் காசு குடுத்தா? நான்.

இப்ப இவனும் தினம் காலைல நாலரைக்கு எழுந்து ஓடறான். அக்னிவீர். நாலு வருஷம், அதுல நூத்துக்கு 25 பேர்தான் நிரந்தரம், மத்தவங்களுக்கு கைல ஒரு தொகைய குடுத்து அனுப்பிடுவாங்க. பாட்டி ஒரே முடிவா வேணாம்னுட்டாங்க. அவங்கம்மா வாய தொறக்கல. நீங்க சொன்னா பாட்டி கேப்பாங்க மாமான்னு என்கிட்ட வந்து நிக்கறான். இந்த பயணத்துக்கு இவன் வந்ததுல பாதி காரணம் அதுதான்னு எனக்கு தெரியாதா என்ன.

திங்கள், கட்ரா

ஜம்மு ஸ்டேஷன்ல வண்டி நிக்கறப்ப கதவுகிட்ட போயி நின்னேன். அவன் லெட்டர்ல அடிக்கடி வர்ற பேரு, ஜம்மு ட்ரான்சிட் கேம்ப். லீவுல வரும்போதும் போகும்போதும் அங்க கெடக்கணும், கான்வாய் கெளம்பற வரைக்கும். சில சமயம் ரோடு மூடிட்டா நாள்கணக்குல. லீவுல பாதி அங்கயே போயிடும்னு பொலம்புவான். பெறுநர் முகவரி எப்பவும் ஒரே மாதிரி, நம்பர், பேரு, யூனிட், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. அது ஆர்மி தபால் ஆபீஸ் நம்பர். 56ன்னு ஒரு ஊரு இருக்கு போலன்னு அம்மா ரொம்ப நாள் நெனச்சுட்டிருந்தாங்க, அம்பத்தாறுல மழையாடா, அம்பத்தாறுல மீன் கெடைக்குமான்னு கேப்பாங்க.

கட்ரால எங்க பாத்தாலும் வைஷ்ணோ தேவி பக்தருங்க. ரூம் வாடகை சீசன் ரேட்டு. ராத்திரி ராஜ்மா சாதம் நல்லா இருந்துது. தூங்கப் போறோம்.

செவ்வாய், ஸ்ரீநகர்

அவன் ரெண்டு நாள் மூணு நாள்னு காத்திருந்து பஸ்லயும் லாரிலயும் ஜவஹர் டனல் வழியா போன தூரத்த, நாங்க வந்தே பாரத்துல மூணு மணி நேரத்துல வந்துட்டோம். 2025 ஜூன்ல திறந்த லைன். செனாப் பாலம் ஆத்துக்கு மேல 359 மீட்டர், ஈஃபில் டவர விட ஒசரம். ட்ரெயின்ல எல்லாரும் போன தூக்கிட்டு நின்னாங்க, பாத்து முடிக்கறதுக்குள்ள டனலு வந்துடுச்சு. பையன் வீடியோல டனல் இருட்டுதான் அதிகம்.

தால் ஏரி, ஷிகாரா, இதையெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. எனக்கு இன்னிக்கு அதுல மனசு போகல. நாளைக்கு வண்டி பேசியாச்சு, காலைல ஆறு மணிக்கு. டிரைவர் சோனமர்க் பக்கத்து ஆளு, ஹிந்தி மெதுவா பேசினா எனக்கு புரியுது, பையன்தான் பதில் சொல்றான்.

பையன் ராத்திரி திடீர்னு கேட்டான், மாமா மேல அப்படி என்ன கோவம் உங்களுக்குன்னு. சரி இங்கயே எழுதிடறேன்.

எனக்கு கல்யாணம் 1999 வைகாசி கடைசி முகூர்த்தம். மாப்பிள்ளை தோழன் அவன்தான், வேற பேச்சே இல்ல, பொண்ணு பாக்க போனப்பவே லீவு போட்டு கூட வந்தவன். அவனுக்கு மே மாசத்துலேர்ந்து லீவு சாங்ஷன் ஆயிருந்துது. அவன் யூனிட்ல கொல்லத்துக்காரர் ஒருத்தர், அவரும் டிரைவர். அவர் சம்சாரத்துக்கு எட்டாவது மாசம், ஏதோ சிக்கல், ஆஸ்பத்திரில சேத்துட்டாங்கன்னு தந்தி. அவருக்கு லீவு ஜூன்லதான். இவன் உடனே, நீ என் லீவுல போ, நான் உன் லீவுல போறேன், ஜூன் முதல் வாரம் போனாலும் கல்யாணத்துக்கு போயிடலாம்னு மாத்திக் குடுத்துட்டான். இத பெரிய சாதனை மாதிரி எனக்கு இன்லேண்ட் லெட்டர்ல எழுதறான். கடைசில ஒரு வரி, பந்தல்ல ரேடியோ செட்டு நான் சொன்ன ஆள்கிட்டயே பேசுன்னு.

மே மாசம் ஆரம்பத்துல மலை மேல ஆளுங்க இருக்காங்கன்னு தெரிய வருது. பட்டாலிக் பக்கம் காணாமப் போன யாக்க தேடிப் போன தாஷி நம்கியால்ங்கற மேய்ப்பர்தான் முதல்ல பாத்து சொன்னவர், அவரும் 2024 டிசம்பர்ல போயிட்டாரு. அதுக்கப்புறம் லீவெல்லாம் கேன்சல். கல்யாணத்துல என் பக்கத்துல சித்தப்பா பையன் நின்னான். கல்யாணம் முடிஞ்சு மறுவீடு போற அன்னிக்கு காலைல தந்தி வந்துது. வாசல்ல வாழமரம் இன்னும் வாடல. மேளக்காரங்க பாக்கி பணத்துக்கு வந்து நிக்கறாங்க, அதே நேரத்துல போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து ஒருத்தர் சைக்கிள்ல வந்து அவன் வீடு எதுன்னு என்னைத்தான் கேக்கறாரு.

ஊர்ல இந்தக் கதையச் சொன்னா, ஆஹா லீவ விட்டுக் குடுத்தானே என்ன மனசுன்னு கண்ணு கலங்குவாங்க. எனக்கு பத்திக்கிட்டு வரும்.

பையன் எல்லாத்தையும் கேட்டுட்டு, அந்தக் கொல்லத்துக்காரருக்கு என்ன ஆச்சுன்னான். அவரையும் பாதி லீவுல கூப்ட்டுட்டாங்க, கொழந்த பொறந்து ஒரு வாரம் கூட ஆகல, வந்து சேந்துட்டாருன்னேன். அவன் கொஞ்சம் யோசிச்சுட்டு, அப்ப நம்ம மாமா லீவுல வந்திருந்தாலும் கூப்ட்டிருப்பாங்கல்ல மாமாங்கறான். இந்தக் கணக்க நான் போடாமலா இருந்திருப்பேன். எத்தனையோ தடவ போட்டாச்சு. கணக்கு சரியாத்தான் வருது, கோவம்தான் போகமாட்டேங்குது.

புதன், சோஜி லா வழியா திராஸ்

எழுத நெறைய இருக்கு, வெரல் வெறைச்சுப் போயிருக்கு.

சோனமர்க்குக்கு முன்னாடி 2025 ஜனவரில திறந்த டனல், ஆறரை கிலோமீட்டர். அதத் தாண்டி பால்தால். அங்கேர்ந்து மேல ஏற ஆரம்பிச்சா அதுக்குப் பேரு ரோடுன்னு சொல்றது நம்ம பெருந்தன்மை. ஒரு பக்கம் செங்குத்தா பாறை, இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்ல. லாரிக்காரங்க கண்ணாடி மடக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் ஒரசாம போறாங்க. 11,500 அடிக்கு மேல. கீழ மலைய கொடைஞ்சு இன்னொரு டனல், 13 கிலோமீட்டர் கிட்ட, வேலை நடந்துட்டே இருக்கு, அது முடிஞ்சா குளிர் காலத்துலயும் லடாக்குக்கு வண்டி போகும். ஜூன் மாசத்துலயும் ரோட்டோரம் பனி சுவரு மாதிரி நிக்குது, ஆனா அழுக்கு. டீசல் புகை படிஞ்சு கருப்பா. சினிமால பாக்கற பனியெல்லாம் இன்னும் மேல இருக்கும் போல.

இந்த ஏத்தத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு கதைய பையனுக்கு சொன்னேன். 1948ல இந்த கணவாய் நம்ம கைல இல்ல. அப்ப ஸ்டூவர்ட் டாங்க்குங்கள, மேல இருக்கற டரட்ட, அதாவது பீரங்கிக் கூண்ட கழட்டி தனியா வெச்சு, மூடி மறைச்சு ராத்திரியோட ராத்திரியா ஜம்முலேர்ந்து ஸ்ரீநகருக்கு கொண்டாந்து, நவம்பர் 1ஆம் தேதி இந்த ஒசரத்துக்கு ஏத்தி அடிச்சாங்க. எதிராளி கனவுலயும் எதிர்பாக்கல. டாங்க் ஏறணும்னா பாதை வேணுமே, பால்தால்லேர்ந்து மேல அந்தப் பாதைய வெட்டினது மெட்ராஸ் சாப்பர்ஸ், ஆர்மில ரோடு, பாலம் போடற படை. நம்ம ஆளுங்க. ஆர்மில அவங்களுக்குப் பேரே தம்பி. வடக்கத்தி ஆபீசர் கூட தம்பின்னுதான் கூப்பிடுவாராம். அவனும் இந்தக் கதைய எனக்கு லெட்டர்ல எழுதியிருந்தான், சண்டை போட்டவன் பேர எல்லாரும் எழுதறாங்க, ரோடு போட்டவன் பேர எவன் எழுதறான்னு. அது தன்னைப் பத்தின வரியா ஆகும்னு நெனச்சிருக்க மாட்டான்.

மேல ஏறி முடிச்சதும் எல்லாம் மாறிடுது. மரம் இல்ல. மினாமர்க்ல செக்போஸ்ட், ஆதார் காட்டினோம். அப்புறம் மட்டாயன், பாந்த்ராஸ். பச்சையா புல்வெளி, நடுவுல ஓடை, ரெண்டு பக்கமும் மொட்டை மலை. இந்த ரோட்லதான், மட்டாயனுக்கும் திராஸுக்கும் நடுவுலன்னு மட்டும் எங்களுக்கு சொன்னாங்க, எந்த எடம்னு சரியா தெரியாது. தோலோலிங் மலை மேல எதிரிங்க ஒக்காந்துட்டு இந்த ரோட்ட பாத்துப் பாத்து பீரங்கி அடிக்க சொல்லிட்டிருந்தாங்க. அதனால வண்டியெல்லாம் ராத்திரிதான். ஹெட்லைட் போடக்கூடாது. முன்னாடி போற வண்டிய மட்டும் நம்பி, பக்கத்துல பள்ளம், பின்னாடி வண்டி நெறைய ஷெல்லு. ஒரு போஃபர்ஸ் ஷெல் 40 கிலோவுக்கு மேல எடை. அந்தப் போர்ல நம்ம பக்கத்துலேர்ந்து ரெண்டரை லட்சம் ஷெல்லு, ராக்கெட்டு அடிச்சதா கணக்கு சொல்றாங்க. அத்தனையும் யாரோ ஒருத்தன் லைட் இல்லாம ஓட்டிட்டு வந்தது.

ஒரு வளைவுல வண்டிய நிறுத்த சொன்னான் பையன். எறங்கி நின்னோம். காத்து காத அறுக்குது. ரோட்டுக்கு கீழ ரெண்டு சின்னப் பொண்ணுங்க ஆடு மேய்ச்சுட்டிருந்தாங்க, எங்களப் பாத்து கையாட்டினாங்க. பையன் ஒரு கல்லு எடுத்தான், அப்புறம் கீழ போட்டுட்டான். நான் ஒரு சிகரெட் பத்த வெக்கப் பாத்தேன், காத்துல பத்தல. டிரைவர் ஒண்ணும் கேக்காம ஹீட்டர போட்டுட்டு வெய்ட் பண்ணாரு.

தோலோலிங்க நம்ம ஆளுங்க புடிச்சது ஜூன் 13. ரெண்டாவது ராஜ்புதானா ரைஃபிள்ஸ். அதுக்கப்புறம் இந்த ரோடு கொஞ்சம் மூச்சு விட்டுது. அவன் போனது அதுக்கு சில நாள் முன்னாடி.

சாயங்காலம் திராஸ் பஜார்ல ஒரு டீக்கடை. ஒரே ஒரு தெரு, ரெண்டு பக்கமும் கடைங்க, தகரக் கூரை. கடைக்காரருக்கு அறுபது இருக்கும், ஷீனா பேசற ஜனம் இவங்க. பையன் ஹிந்தில விஷயத்த சொன்னதும் டீக்கு காசு வாங்கல. அந்த ரெண்டு மாசம் ஊரே காலி, மாடுங்கள அவுத்து விட்டுட்டு ஓடிட்டோம், திரும்பி வந்தா வீட்டுல பாதி இல்லன்னாரு. போர்னு சொன்னா நம்ம எல்லாரும் மலை மேல ஏறினவங்கள நெனைக்கறோம், கீழ வீட்டக் கட்டிட்டு இருந்தவங்க மேலதான் தினம் விழுந்திருக்கு. உப்பு டீ குடிச்சேன். ரெண்டாவது தடவ வேணாம்.

வியாழன், திராஸ்

ஊருக்கு வெளில அஞ்சாறு கிலோமீட்டர்ல மெயின் ரோட்டு மேலயே இருக்கு நினைவிடம். ஐடி காட்டி உள்ள போனா நேரா ஒரு நடைபாதை, விஜய்பத். ரெண்டு பக்கமும் கொடி. அந்தக் கடைசில அணையா விளக்கு, அதுக்குப் பின்னாடி செங்கல் நிறத்துல கல்லுச் சுவரு, பேருங்க. அதுக்கும் பின்னாடி, ரொம்ப பக்கத்துல, தோலோலிங். அவ்ளோ பக்கத்துல இருக்கும்னு நான் நெனைக்கல. படத்துல பாக்கறப்ப எங்கயோ இருக்கற மலை மாதிரி தெரியும். நேர்ல பாத்தா தலை மேல நிக்குது, அதுல ஒளிஞ்சுக்க ஒரு புதர் கூட இல்ல. இதுல ராத்திரில ஏறியிருக்காங்க, மேலேர்ந்து சுடும்போது.

ஒரு ஜவான் எல்லாரையும் கூட்டி வெச்சு மலைங்கள காட்டிக் காட்டி சொன்னாரு. அது டைகர் ஹில், ஜூலை 4 புடிச்சது. அது 5140ங்கற சிகரம், கேப்டன் விக்ரம் பத்ரா சண்டை போட்டு புடிச்சது. இப்ப அதுக்கு கன் ஹில்னு பேரு வெச்சிருக்காங்க, 2022ல, பீரங்கிப் படைக்காரங்க ஞாபகமா. அது எனக்கு தெரியாது. பையன் என் கைய இடிச்சான். பீரங்கிப் படைன்னா நம்ம மாமாவும்தானன்னான். ஆமாண்டா.

மொத்தம் 527 பேர். திருச்சி மேஜர் சரவணன் பேர பையன்தான் முதல்ல தேடினான், ஸ்கூல்ல படிச்சிருக்கான். மே 29 பட்டாலிக்ல போனவர், உடம்பு ஜூலைலதான் கெடச்சுது, ஒரு மாசத்துக்கு மேல அந்தப் பனிலயே. எங்களுக்கு அந்த விதத்துல பரவால்லன்னு அம்மா ஒரு தடவ சொன்னாங்க, மூணாவது நாள் முகத்த பாத்துட்டோம்னு. என்ன பரவால்ல.

ஓரமா வீரபூமின்னு ஒரு எடம், வரிசை வரிசையா பேர் கல்லு. அங்க தேடிக் கண்டுபுடிச்சோம். முழங்கால் ஒசரம். முன்னாடி குட்டியா ஒரு மஞ்சப்பூ செடி, தானா மொளைச்சதா வெச்சதான்னு தெரியல. நம்பரு, ரேங்க்கு, பேரு. அந்த நம்பர் எனக்கு மனப்பாடம், எத்தன லெட்டர்ல எழுதியிருப்பேன்.

நான் என்னென்னமோ யோசிச்சு வெச்சிருந்தேன். ரயில்ல மூணு நாளா மனசுக்குள்ள ஒத்திகை வேற. அங்க போயி நின்னதும் வாய்ல வந்தது, ஏன்டா ஸ்ட்ரைக்கர் எடுக்கலன்னு சத்தியம் பண்ணியே, உன் டிரங்க் பெட்டி வந்தப்ப ஷேவிங் செட்டுக்குள்ள இருந்துது, அதுவும் அந்த ஐவரி கலர்ல ஓரம் தேஞ்சது, என்னோடது, சாமி படத்து மேல கை வெச்சு சத்தியம் பண்ணியேடான்னு. சத்தமாவே சொல்லிட்டேன் போல, ரெண்டு பேர் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் நிக்கல. லீவு, ரேடியோ செட்டு, உடைஞ்ச பைப்பு, முந்நூறு ரூபா கடன், நாக் நீ, நீ போகலன்னா நானும் போகலன்னு சொன்னது, எல்லாத்தையும் கொட்டினேன். பையன் கொஞ்சம் தள்ளி நின்னுட்டான்.

அம்மாவுக்கு போன் போடுன்னேன். வீடியோ கால் இழுக்கல, ஆடியோதான். அம்மா எடுத்ததும் மொதல்ல, சாப்டீங்களா, ஸ்வெட்டர் போட்டியா. அப்புறம், பாத்தியாப்பான்னாங்க. பாத்தேம்மா. பூ வெச்சியா. வெச்சேன். திட்டினியா.

நான் இத அவங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. திட்டினேம்மான்னேன். சரி போன அங்க வை, ஸ்பீக்கர்ல போடுன்னாங்க.

பையன் போன கல்லுகிட்ட வெச்சான். அம்மா ஆரம்பிச்சாங்க. இன்னாடா. கேக்குதா. பெரிய தர்மராசா நீ, லீவு குடுத்தியா லீவு. உன் தங்கச்சி கல்யாணத்துக்கு எவன்டா நின்னான். இந்தப் புள்ளைக்கு காது குத்த அடுத்த வீட்டுப் பையன் மடிய கடன் வாங்கினேன்டா. உங்கப்பா சாவற அன்னிக்கு உன் பேரச் சொல்லித்தான் கத்தினாரு, வரானா வரானான்னு, நான் இன்னான்னு சொல்றது, அம்பத்தாறுல ரோடு மூடிட்டாங்களாம்னு சொன்னேன். கேட்டுக்கோ, உன் பணத்துல மாடி கட்டியாச்சு. உன் ரூம்ல நெல்லு மூட்டை அடுக்கியிருக்கேன், வேற எடமில்ல, கோச்சுக்காத. மழைக்கு ஒழுவுது அந்த மேஸ்திரி வேலை. இன்னும் பேசினாங்க. நடுவுல ஒரு தடவ இருமினாங்க. ஒரு சொட்டு அழுகை இல்ல குரல்ல, ஸ்கூல்லேர்ந்து லேட்டா வந்தவன வாசல்ல நிக்க வெச்சு கேக்கற மாதிரி.

காவல் நின்ன ஜவான் ஒருத்தன், சின்னப் பையன், ஸ்பீக்கர் சத்தம் கேட்டு வேகமா வந்தான். ஆஃப் பண்ண சொல்லத்தான் வந்தான். பையன் எழுந்து நின்னு மெதுவா ஏதோ சொன்னான். மாதாஜியான்னு கேட்டான். ஆமான்னதும், என்ன பேசறாங்கன்னு கேட்டான். திட்டறாங்கன்னான் இவன். அந்த ஜவான் சிரிச்சுட்டான், சிரிச்சுட்டே மூஞ்சிய திருப்பிக்கிட்டான். பின்னாடி போட்டோ எடுக்க வந்த ஒரு கும்பல கை காட்டி அந்தப் பக்கமா அனுப்பிட்டான்.

கடைசில அம்மா, சரி வெச்சிடறேன், அரிசி உலைல இருக்குன்னு வெச்சுட்டாங்க.

வெள்ளி, கார்கில்

ராத்திரி தலவலி, ஒசரம்னால இருக்கும். கார்கில் கொஞ்சம் எறக்கம்தான், வந்ததும் சரியாயிடுச்சு. சுரு ஆத்தோரம் லாட்ஜ். பஜார்ல காஞ்ச ஆப்ரிகாட் வாங்கினோம், ரெண்டு கிலோ, அம்மாவுக்கு பல்லு இல்ல, ஊற வெச்சு குடுக்கணும்.

பையன் விஷயம் இன்னும் முடியல. திராஸ்ல அந்த ஜவான்கிட்ட அரை மணி நேரம் பேசிட்டிருந்தான், அவனும் அக்னிவீராம், ராஜஸ்தான், இன்னும் ஒண்ணரை வருஷம்தான் பாக்கி, அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியலன்னானாம். இவன் அதக் கேட்டுட்டு வந்தும் மனசு மாத்தல, மாமா, பாட்டிகிட்ட எனக்காக பேசுங்கன்னுதான் நிக்கறான். நான் பேசமாட்டேன். பேசாதேன்னும் சொல்லமாட்டேன். நீயே பாட்டி முன்னாடி ஒக்காந்து கேளு, அவங்க திட்டுவாங்க, முழுசா வாங்கிக்கோ, அதுக்கப்புறமும் உனக்கு போகணும்னு இருந்தா போன்னேன். மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கான்.

அந்தக் கொல்லத்துக்காரர் வருஷா வருஷம் அம்மாவுக்கு போன் பண்ணுவாரு. அம்மா அவர் பொண்ண பத்தி விசாரிப்பாங்க, அந்த லீவுல பொறந்த பொண்ணு, அவ கல்யாணத்துக்கு ஆரணிப் பட்டு கூட அனுப்பினாங்க. என்கிட்ட போன குடுக்க வந்தா நான் கடைல ஆள் வந்திருக்குன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவேன். இன்னிக்கு மத்தியானம் அம்மாகிட்ட நம்பர் வாங்கி நானே கூப்பிட்டேன். யாருன்னு சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் தமிழும் மலையாளமும் கலந்து பேச ஆரம்பிச்சாரு, நிறுத்தல. உங்க கல்யாணத்துக்குப் போக அவன் புது ஷர்ட் தெச்சு வெச்சிருந்தான், கான்வாய்ல போகும்போது கூட அத எடுத்து எடுத்து காட்டுவான், மெரூன் கலர், ரொம்ப மோசமான கலருன்னாரு. அது எனக்கு புது சேதி. பெட்டில அந்த சட்ட வரல. மெரூன் அவனுக்கு சுத்தமா சேராது, கருப்பா இருப்பான், எவன் வாங்க சொன்னான்னு தெரியல.

அவருக்கு இப்ப முட்டில பிரச்சன, அடுத்த மாசம் சம்சாரத்தோட வேலூர் சி.எம்.சிக்கு வர்றாராம், பத்து நாள் ஆகும்னாங்களாம், லாட்ஜ் பாத்துட்டிருக்கேன்னாரு. லாட்ஜெல்லாம் வேணாம், வீட்ல மேல ரூம் சும்மாதான் கெடக்கு, வாங்கன்னு சொல்லிட்டேன். என் சம்சாரத்துகிட்ட இன்னும் சொல்லல. அவங்களுக்கு புழுங்கல் அரிசி, அதுவும் அந்த குண்டு சிவப்பரிசிதான் எறங்குமாம், ஆற்காடு ரோட்ல மலையாளிங்க கடைல கெடைக்கும்னு நெனைக்கறேன், ஊருக்கு வந்துதான் விசாரிக்கணும்.